போன மாசமே வித்துப்போச்சு தம்பி

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். முதல் மாடியில் பட்டுப் பிரிவு. முகூர்த்தக் கூட்டம் ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், புடவை விரிக்கிற மேடையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எதிரில் முப்பது வருஷமாக அங்கே பட்டு விற்கிற அண்ணாச்சி. யாரோ ஒரு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் போட்டோ: அரக்கு உடல், கோபுரக் கரை, முந்தானை பாதிதான் தெரிகிறது. படத்தைக் கொடுத்தால் அதுபோன்ற புடவைகளைத் தேடித் தர நாங்கள் எழுதிய நிரலில் அதைப் போட்டேன். கண் இமைப்பதற்குள் பத்துப் புடவைகள் திரையில் வந்து நின்றன. எல்லாம் அரக்கு, எல்லாம் கோபுரம். நான் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன், பரீட்சை பேப்பர் கொடுத்த பையன் மாதிரி.

அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“படமெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கு. ஆனா இதுல ஒம்பது போன மாசமே வித்துப்போச்சு தம்பி. பத்தாவது கோயம்புத்தூர் பிராஞ்சுல கிடக்கு.”

இரண்டு மாசம் நான் அளந்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்தது. என்ன அளந்தேன், எதை அளக்காமல் விட்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

வேலை எளிதாகச் சொல்லக்கூடியதுதான். ஒவ்வொரு புடவைப் படத்தையும் ஒரு மாடல் 512 எண்கள் கொண்ட பட்டியலாக மாற்றித் தருகிறது. வெக்டர். பிளஸ் டூவில் படித்தோமே, அதுதான். அங்கே மூன்று பரிமாணம், இங்கே 512. ஒன்றுபோல் இருக்கும் புடவைகளின் வெக்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் விழும் என்பது நம்பிக்கை. வாடிக்கையாளரின் போட்டோவையும் அப்படியே வெக்டராக்கி, அதற்கு மிக அருகில் இருக்கும் பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் பல வருஷமாக, எல்லாக் கிளைகளிலும் எடுத்துச் சேர்த்த படங்கள் ஆறு லட்சம்.

ஆறு லட்சத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது முரட்டு வழி. எங்கள் வட்டாரத்தில் ‘புரூட் ஃபோர்ஸ்’ என்போம். விடை நூற்றுக்கு நூறு சரியாக வரும், நேரம்தான் போகும். அதனால் கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை, சீக்கிரம் சொல் என்கிற தோராய முறைகள் வந்தன. தோராயம் என்றவுடன் இரண்டு கேள்விகள் கூடவே வருகின்றன: எவ்வளவு தப்பு, எவ்வளவு வேகம். முதலாவதற்கு ரீகால் என்று பெயர். முரட்டு வழி சொல்லும் பத்தில் எத்தனையை இந்த முறையும் சொன்னது என்பதுதான் அது. ஒன்பது வந்தால் 0.9. இரண்டாவது, நொடிக்கு எத்தனை கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது.

இந்த இரண்டையும் இரு அச்சுகளில் போட்டு எல்லா முறைகளையும் ஒரே படத்தில் ஓடவிடும் வேலையை ‘ஏஎன்என்-பெஞ்ச்மார்க்ஸ்’ என்ற ஒப்பீட்டுச் சோதனைத் திட்டம் செய்கிறது. தொடங்கியவர் எரிக் பெர்ன்ஹார்ட்சன். மார்ட்டின் ஆமுல்லர், அலெக்சாண்டர் ஃபெய்த்ஃபுல் ஆகியோருடன் சேர்ந்து அவர் 2017-இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஸ்பாட்டிஃபையில் இருந்தபோது இப்படித் தேடுவதற்கு அவரே எழுதிய மென்பொருள் நூலகம் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ‘எரிச்சலூட்டு’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. தமிழில் எழுதினால் ‘அன்னாய்’ என்று வருகிறது. தோழி செவிலியைக் கூப்பிடுகிற சங்கப்பாட்டுக் குரல் காதில் விழாமல் அந்தப் பெயரை என்னால் படிக்க முடிந்ததே இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் கதை தொடங்கியது. மேலேயும் வலப்பக்கமும் எந்தக் கோடு இருக்கிறதோ அதுவே நல்லது. எச்என்எஸ்டபிள்யூ என்ற தோராய முறையின் கோடுகள் உயரத்தில் இருந்தன. அதையே எடுத்துக்கொண்டோம். ஓஎம்ஆரில் எங்கள் அலுவலகத்தில் அந்த முடிவை எடுக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இந்த முறைகள் எப்படித் தேடுகின்றன என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் நாம் எல்லோரும் முகவரி தேடி அலைந்தவர்கள்.

ஒரு வகை, பின்கோடு முறை. வெக்டர்களை முன்கூட்டியே கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு தபால் நிலையம் வைத்ததுபோல ஒரு மையப் புள்ளி வைத்துவிடுவார்கள். கேள்வி வந்ததும் எந்த மையம் பக்கத்தில் என்று பார்த்து அந்தக் கூட்டத்துக்குள் மட்டும் தேடலாம். இதில் சிக்கல் எல்லையில் வரும். ரங்கநாதன் தெரு 600017. மாம்பலம் ரயில் நிலையத்தின் தண்டவாளத்தைத் தாண்டினால் மேற்கு மாம்பலம், 600033. நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும் வீட்டை, பின்கோடு வேறு என்பதற்காகத் தேடாமல் விட்டால் அபத்தம்தானே? அதனால் பக்கத்துப் பின்கோடுகள் எத்தனையில் தேடலாம் என்று ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். திருகைக் கூட்டினால் ரீகால் ஏறும், வேகம் இறங்கும்.

அன்னாய் வேறு மாதிரி. ஏதோ இரண்டு புள்ளிகளை எடுத்து, அவற்றுக்கு நடுவே ஒரு கோடு கிழித்து ஊரை இரண்டாக வெட்டும், வெட்டிய பாதியை மறுபடி வெட்டும், இப்படியே போகும். ஒரு வெட்டில் பக்கத்து வீடு அந்தப் பக்கம் போய்விடலாம். அதனால் வேறு வேறு விதமாக வெட்டிய பல மரங்களை வைத்துக்கொள்ளும். ஒன்றில் பிரிந்தது இன்னொன்றில் சேர்ந்திருக்கும் என்ற கணக்கு.

எச்என்எஸ்டபிள்யூதான் நம் ஊர் முறை. மல்கோவ், யாஷுனின் என்ற இருவர் 2016-இல் முன்வைத்தது. பின்கோடும் கிடையாது, வரைபடமும் கிடையாது. விசாரித்துக்கொண்டே போக வேண்டியதுதான். சென்ட்ரலில் இறங்கிக் கேட்டால் “தி.நகர் பஸ்ஸைப் பிடிங்க” என்பார்கள். பஸ் நிலையத்தில் கேட்டால் பனகல் பார்க் பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கே கேட்டால் தெருமுனை டீக்கடை. டீக்கடைக்காரருக்கு வீடே தெரியும். மேல் அடுக்கில் சில பேர், அவர்களுக்குத் தூரத்து ஊர்கள் தெரியும். கீழ் அடுக்கில் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் அக்கம்பக்கம் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு படியிலும் இலக்குக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கியவரிடம் தாவுவதுதான் மொத்த வித்தையும். மாட்டிக்கொள்ளும் இடமும் நமக்குப் பழக்கமானதே: முட்டுச்சந்து. சுவருக்கு அந்தப் பக்கம் வீடு தெரிகிறது, வழி இல்லை. அதனால் ஒருவரை மட்டும் நம்பாமல், இதுவரை விசாரித்ததில் நல்லவர்களாக ஐம்பது பேரையோ நூறு பேரையோ நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு சந்து அடைத்தால் அடுத்தவரிடம் போகிறது. அந்த எண்ணிக்கைதான் இங்கே திருகு.

எங்கள் முதல் சோதனை ஏப்ரலில். மடிப்பாக்கத்தில் என் வீட்டு மாடியறை, என் லேப்டாப். காலையில் ஒரு முறையை ஓட்டினேன், மத்தியானம் இன்னொன்றை. இரண்டாவது படுமந்தம். அதைத் தள்ளிவிட்டு அறிக்கைகூட எழுதிவிட்டேன். மறுநாள் சும்மா வரிசையை மாற்றி ஓட்டினால், முந்தின நாள் ஜெயித்தது தோற்கிறது. அறை வெயிலில் கொதித்து, சூடு தாங்காமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் நடுவில் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறியது. அந்த ஓட்டமும் போச்சு. நான் அளந்தது அல்காரிதத்தை அல்ல, மடிப்பாக்கத்து மத்தியானத்தை.

இதை விடவும் வெட்கமான ஒன்று: ஒரு நூலகம் பிராசசரின் எட்டு கோர்களையும் எடுத்துக்கொண்டு ஓடியது, மற்றது ஒரே கோரில். எட்டுப் பேர் இழுத்த தேரையும் ஒருவர் இழுத்த தேரையும் பக்கத்தில் வைத்து வேகம் பார்த்தேன். ஏஎன்என்-பெஞ்ச்மார்க்ஸில் ஒவ்வொரு முறையும் மற்றதோடு கலக்காத தனித்தனி டாக்கர் மென்பொருள் பெட்டியில், ஒரே ஒரு கோரில் ஓடும். அந்தக் கட்டுப்பாடு சலிப்பூட்டுவதாக எனக்கு முதலில் தோன்றியது. இப்போது அதை எழுதியவர்கள் என்னைப் போல எத்தனை தடவை பட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

சரி, ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, ஒரு கோர், ஒரே வரிசை என்று ஒழுங்காக ஓட்டினோம். ரீகால் பிரமாதமாக வந்தது. அலுவலகத்தில் கைதட்டல். டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்துப் பெண் மட்டும் கேட்டாள்: “அண்ணா, கேள்விக்குன்னு போட்ட ஆயிரம் படம் எங்கேருந்து எடுத்தீங்க?”

ஆறு லட்சத்திலிருந்துதான். சரி, அதை இண்டெக்ஸிலிருந்து, அதாவது தேடுவதற்காகக் கட்டி வைத்த அமைப்பிலிருந்து, நீக்கினேனா? இல்லை.

அதாவது ஒவ்வொரு கேள்விக்கும் முதல் விடை அதே படம். பத்தில் ஒன்று இனாம். அது பரவாயில்லை, மற்ற ஒன்பதும் கிட்டத்தட்ட இனாம்தான். எச்என்எஸ்டபிள்யூ கட்டப்படும்போதே ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அக்கம்பக்கத்தாரைத் தேடிப் பிடித்து இணைப்புப் போட்டுவிடுகிறது. வீட்டுக்காரரையே கூப்பிட்டு “உங்க பக்கத்து வீடு எது சார்?” என்று கேட்பதற்குப் பெயர் தேடலா?

ஆயிரத்தையும் வெளியே எடுத்து மறுபடி ஓட்டினோம். இந்த முறை ரீகால் சந்தேகப்படும்படி குறைந்தது. அதற்கும் அவள்தான் காரணம் சொன்னாள். ஒரே புடவையை இரண்டு கிளைகளில் ஒரே ஸ்டுடியோ படத்தை வைத்துப் பதிவேற்றியிருக்கிறார்கள். இரண்டு வெக்டரும் ஒன்றே, தூரமும் ஒன்றே. முரட்டு வழி ஒன்றைப் பத்தாவதாகச் சொல்கிறது, எச்என்எஸ்டபிள்யூ இன்னொன்றை. பதிவு எண்ணை வைத்து ஒப்பிட்டால் தப்பு. தூரத்தை வைத்து ஒப்பிட்டால் சரி. பெஞ்ச்மார்க் திட்டத்தில் இதையும் யோசித்திருக்கிறார்கள்: உண்மையான பத்தாவதன் தூரத்துக்குள் வந்தால் அது சரியான விடைதான். நிரலைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் படத்தை மட்டும் பார்த்தேன்.

அந்தப் படத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அதன் நிமிர்ந்த அச்சு மடக்கை அளவு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் விரற்கடை இடைவெளிதான் போலத் தெரியும், உண்மையில் இரண்டு மடங்கு வேக வித்தியாசம் அதில் ஒளிந்திருக்கலாம். படுத்த அச்சிலும் கவனம் வேண்டும். 0.90-இலிருந்து 0.99-க்குப் போவது கண்ணுக்குச் சின்ன நகர்வு. ஆனால் தப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, அதற்கான விலையை வேகத்தில் கொடுக்க வேண்டும். இன்னொன்று: ஒவ்வொரு முறையையும் பல திருகு நிலைகளில் ஓட்டி, அவற்றில் சிறந்த புள்ளிகளை இணைத்தே கோடு வரைகிறார்கள், அதுவும் அதே கேள்விகளுக்கு. நாம் கடையில் ஒரே ஒரு திருகு நிலையை, வரப்போகும் கேள்விகளைப் பார்க்காமலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்னை நிஜமாகவே உலுக்கியது சராசரி. நூறு கேள்விகள் என்று வையுங்கள். தொண்ணூற்றைந்துக்குப் பத்துக்குப் பத்து, மீதி ஐந்துக்குப் பத்துக்கு முட்டை. ரீகால் 0.95. எல்லாக் கேள்விக்கும் பத்துக்கு ஒன்பதரை வீதம் வந்தாலும் 0.95-தான். இரண்டாவது கடையில் யாரும் எதையும் கவனிக்கவே மாட்டார்கள். முதல் கடையில் இருபது வாடிக்கையாளருக்கு ஒருவர், சம்பந்தமே இல்லாத புடவைகளைப் பார்த்துவிட்டு எழுந்து போவார். சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு கேள்வியின் ரீகாலையும் தனித்தனியாக வரிசைப்படுத்திக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஆனாலும் கேள்விகள் இன்னும் ஸ்டுடியோ படங்களே. கடைக்கு வரும் கேள்விகள் அப்படி இல்லையே? மண்டபத்து சீரியல் பல்பு வெளிச்சத்தில், ஆடிக்கொண்டே எடுத்த போன் போட்டோக்கள். பின்னால் நாதஸ்வரக்காரர், முன்னால் யாரோ ஒரு குழந்தையின் தலை. கடையில் அனுமதி கேட்டு, முகங்களை மறைத்துவிட்டு, அப்படிப்பட்ட முந்நூறு போட்டோக்களைச் சேகரித்தோம். அவற்றைப் போட்டதும் அதே இண்டெக்ஸ், அதே திருகு, ரீகால் சரிந்தது. இந்தக் கேள்விகள் ஸ்டுடியோ வெக்டர்கள் குடியிருக்கும் ஊரிலேயே இல்லை. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு பொட்டலில் நிற்கின்றன. அங்கிருந்து பார்த்தால் எல்லா வீடும் கிட்டத்தட்ட ஒரே தூரம். டீக்கடைக்காரரிடம் விசாரிக்க முதலில் டீக்கடை இருக்க வேண்டும்.

துறையில் இது தெரிந்த நோய்தான். பெஞ்ச்மார்க்குகளில் புழங்கும் சிஃப்ட் என்ற பட வெக்டர் தொகுப்பில் பத்து லட்சம் வெக்டர்கள், 128 பரிமாணம், பத்தாயிரம் கேள்விகள். கேள்வியும் விடையும் ஒரே இனம். ட்விட்டர் சொற்களிலிருந்து செய்த குளோவ் தொகுப்பில் சுமார் பன்னிரண்டு லட்சம் வெக்டர்கள். அதிலேயே பத்தாயிரத்தைக் குலுக்கி எடுத்துக் கேள்வியாக வைத்துக்கொண்டார்கள். அவை பொய்யான சோதனைகள் அல்ல, வேறு ஒரு கேள்விக்கான சோதனைகள். 2021-இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டையொட்டி நடந்த போட்டி நூறு கோடி வெக்டர் என்று அளவில் பிரம்மாண்டம் காட்டியது. 2023 போட்டியில் பிரிவுகளே மாறிவிட்டன: வடிகட்டிக் கேட்பது, வேறு இனத்துக் கேள்விகள், பெரும்பாலும் பூச்சியமாக இருக்கும் வெக்டர்கள், வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் வெக்டர்கள். வேறு இனத்துக் கேள்விகளுக்கு எழுத்தைக் கொடுத்துப் படத்தைத் தேடச் சொன்னார்கள். நான்கில் மூன்று தி.நகர் முதல் மாடியில் தினமும் நடப்பவை.

திருகை ஏற்றி, போன் போட்டோக்களுக்கும் ரீகாலை ஒரு நல்ல நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். அண்ணாச்சி அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

கைத்தறிப் பட்டில் ஒரு டிசைன், ஒரு நிறம் என்றால் பெரும்பாலும் ஒரே பீஸ். விற்றால் போச்சு. ஆறு லட்சம் படங்களில் அந்தக் கடையில் அன்றைக்கு இருப்பது சுமார் முப்பத்தெட்டாயிரம். நூற்றுக்கு ஆறு சொச்சம். நாங்கள் முதலில் பத்தைத் தேடிவிட்டு, பிறகு ஸ்டாக் இருக்கிறதா என்று வடிகட்டலாம் என்று நினைத்திருந்தோம். பத்தில் ஆறு சதவீதம் எவ்வளவு? சராசரியாக ஒரு புடவைகூடத் தேறாது. வடிகட்டும் நிரலை டெமோவில் சேர்க்கவே இல்லை. அது சின்ன வேலை, அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தேன். 1.0 ரீகால் வந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருப்பது அதே பத்துதான். முரட்டு வழியும் அதைத்தான் சொல்லும். ரீகால் கேட்கும் கேள்வி ‘ஆறு லட்சத்தில் எது நெருக்கம்?’ என்பது. அவர் கேட்டது ‘இப்போ எடுத்து விரிக்க என்ன இருக்கு?’

அன்று சாயங்காலம் மின்சார ரயிலில் திரும்பும்போது போனில் ஒரு கணக்குப் போட்டேன். இதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஆறு லட்சம் வெக்டர், 512 எண்கள், ஒவ்வொன்றும் நான்கு பைட்: 1.2 ஜிபி. நொடிக்குப் பத்து ஜிபி படிக்கும் ஒரு கோர் என்றால், முரட்டு வழியில் ஒரு கேள்விக்கு நூறு மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல். சரி, முப்பத்தெட்டாயிரத்துக்கு? 78 எம்பி. எட்டு மில்லிநொடி.

எட்டு மில்லிநொடி! அண்ணாச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொள்ள அதைவிட நேரம் பிடிக்கும். தப்பே இல்லாத விடை, திருகு இல்லை, முட்டுச்சந்து இல்லை. தோராயம் தேவைப்படாத இடத்தில் எந்தத் தோராயம் சிறந்தது என்று இரண்டு மாசம் போட்டி நடத்தியிருக்கிறேன்.

எல்லாக் கிளைகளின் பழைய டிசைன்களையும் துழாவி ‘இதை மறுபடி நெய்து தர முடியுமா?’ என்று பார்க்கிற தேடலுக்கு எச்என்எஸ்டபிள்யூ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றாகவே. கவுன்டருக்கு மட்டும் முரட்டு வழி. இரண்டாவது டெமோவில் அண்ணாச்சி முகம் கொஞ்சம் மலர்ந்தது, ஆனால் விடவில்லை. “இதென்ன தம்பி, உடல் கலரைப் பார்த்தே எடுக்குது? நாங்க முதல்ல கரையைத்தான் பார்ப்போம். கோபுரம் கேட்டவங்ககிட்ட அரக்குல ருத்ராட்சம் காட்டுனா கோவிச்சுக்குவாங்க. மயில்கழுத்து கலர்ல கோபுரம் காட்டுனா வாங்கிட்டுப் போவாங்க.” அது தேடலின் தப்பு அல்ல, வெக்டர் செய்த மாடலின் தப்பு, எந்த ரீகால் எண்ணிலும் அது தெரியாது. காஞ்சிபுரத்துப் பெண் இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எது எதற்குப் பக்கத்துப் புடவை என்று கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளை “பாப்பா” என்றுதான் கூப்பிடுகிறார். வைர ஊசிக்கும் கட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இருவரும் சண்டை போடுவதைப் பார்க்கவே நான் போகிறேன்.

போன வாரம் திரையில் மூன்றாவதாக வந்த ஒரு மாம்பழ மஞ்சளை அண்ணாச்சி விரலால் தட்டினார். “இது இன்னிக்குப் போயிரும் பாரு.” எச்என்எஸ்டபிள்யூவில் ஒன்றை எடுப்பது வம்பு, பலர் வழி கேட்டு வந்த ஆளை ஊரைவிட்டு அனுப்புவது போல, பெரும்பாலும் ‘இவர் இல்லை’ என்று குறி போட்டுவிட்டு வழியை மட்டும் அப்படியே வைத்திருப்பார்கள். முரட்டு வழியில் கடைசி வரிசையைத் தூக்கி அந்தக் காலி இடத்தில் வைத்தால் முடிந்தது.

ஆறரை மணிக்கு பில் போட்டார்கள். அதே போட்டோவை மறுபடி போட்டேன். மூன்றாவது இடத்தில் ஒரு எம்.எஸ். புளூ வந்து நின்றது, கோபுரக் கரையோடு.